வலிக்கலீன்னா விட்ரலாமுங்களா?

கழுத்தில் கட்டி என்று யாரிடம் காட்டினாலும், கோவையிலிருந்து கோபி வரை, பல்லடத்திலிருந்து பழனி வரை, பதில் ஒன்றுதான். "வலிக்குதுங்களா? இல்லீங்களா? அப்ப நெறி கட்டியிருக்குதுங்க. விடுங்க, தானா அமுங்கிரும்." கூடவே இலவசமாக மூன்று யோசனைகள் வரும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடு. அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் சொல்லி அஞ்சு நாளைக்கு மாத்திரை வாங்கு. ஊசி வைத்துச் சோதிக்கணும் என்று எந்த டாக்டராவது சொன்னால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, குத்தினால் பரவிவிடும்.

படிக்காதவர்கள் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பீளமேட்டில் கணினி வேலை பார்ப்பவரும் சொல்கிறார், திருப்பூரில் ஏற்றுமதி செய்பவரும் சொல்கிறார், அவர்கள் வீட்டு அம்மாயியும் சொல்கிறார். மூவரும் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு. இதில் ஒத்துப்போகிறார்கள்.

அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தட்டுப்படும் நெறிகளில் பெரும்பாலானவை சளி, தொண்டைப்புண், சொத்தைப் பல் என்று ஏதாவது ஒன்றைச் சாக்கிட்டு வந்து, இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும். சின்னக் குழந்தைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தால் பயறு அளவில் இரண்டு மூன்று உருளாத குழந்தை அபூர்வம். அத்தனைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பிழைப்பு நடக்காது. ஒரு கட்டியைக் காட்டப் போனவரை ஸ்கேன், ரத்தம், இன்னொரு ஸ்கேன் என்று அலையவிட்டுப் பணத்தைக் கறந்து அனுப்பும் இடங்கள் இந்த ஊரில் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆகவே, கட்டியைத் தொட்டவுடன் பதறுபவரைவிடப் பொறுத்துப் பார்ப்பவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் பொறுப்பதற்கு ஒரு தேதி வேண்டும். "தானா அமுங்கிரும்" என்பவர்களிடம் அந்தத் தேதி இல்லை. என் சண்டை அதோடுதான்.

1. நெறி ஏன் கட்டுகிறது என்பது இவர்களுக்கே தெரியும். தெரிந்ததைக் கழுத்துக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

காட்டில் வேலை செய்யும்போது காலில் முள் ஏறி, சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கொங்கு நாட்டில் இது பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். அப்போது யாராவது தொடை இடுக்கில் பத்துப் போடுவார்களா? காலைப் பார்ப்பார்கள், முள்ளை எடுப்பார்கள், புண்ணைக் கழுவுவார்கள். நெறி வெறும் தகவல், விஷயம் வேறிடத்தில் இருக்கிறது என்ற இந்த அறிவு முழுக்கச் சரியானது. நிணநீர் முடிச்சு என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதைத்தான். உடம்பெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கும் இந்த முடிச்சுகள், தத்தம் எல்லைக்குள் வரும் கிருமியையும் கெட்ட செல்லையும் மடக்கிப் பிடிக்கும்போது வீங்குகின்றன. கழுத்தில் அவை நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், வாய், மூக்கு, தொண்டை, காது, தலைத்தோல் எல்லாம் அந்த எல்லைக்குள் வருவதுதான்.

அப்படியானால் கழுத்தில் நெறி கட்டும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "முள் எங்கே?" என்பது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வரிசையாக நெறி கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், நல்ல டாக்டர் கழுத்தைத் தொடுவதற்கு முன் தலைமுடியைப் பிரித்துப் பார்ப்பார். பேன் இருக்கும், சொறிந்து சொறிந்து பொருக்குத் தட்டியிருக்கும். பேனுக்கு மருந்து போட்டால் நெறி போய்விடும். தாடைக்குக் கீழே என்றால் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்ப்பார். காய்ச்சலோடு வந்தால், புதர்க்காட்டுச் சிற்றுண்ணி கடித்த கருத்த பொருக்கு எங்காவது, அக்குளிலோ காது மடலுக்குப் பின்னாலோ, ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார். ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் அரிதான நோயல்ல. முள் கிடைத்துவிட்டால் நிம்மதி. தேடியும் கிடைக்கவில்லை, நெறியும் அடங்கவில்லை என்றால், கிடைக்காததையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. வலியை அளவுகோலாக வைத்ததுதான் தலைகீழ்ப் பாடம்.

வலிக்கும் நெறி பெரும்பாலும் திடீரென்று வந்த தொற்றின் நெறி. அது சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். வலிக்காமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் கவலைக்குரியது. கழுத்துக் காசநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. நிணநீர்ப் புற்றான லிம்போமா ரப்பர் மாதிரி வழவழவென்று, வலியே இல்லாமல் வளரும். புகையிலை அடக்கிய வாயிலிருந்து கழுத்துக்கு இறங்கும் புற்று கல் மாதிரி இறுகி, விரலுக்கு நகராமல் நிற்கும், அதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. குட்காவுக்கு இந்த மாநிலத்தில் 2013-லேயே தடை போட்டாயிற்று. விசைத்தறிக் கூடத்திலும் லாரி ஷெட்டிலும் தரையைப் பார்த்தால் தடையின் லட்சணம் தெரியும். காறை எலும்புக்கு மேலே, குழியில் தட்டுப்படும் நெறி எந்த அளவில் இருந்தாலும் காத்திருக்கக் கூடாதது. இடப்பக்கக் குழியில் வருவது சில சமயம் வயிற்றுப் புற்றின் முதல் அறிகுறி. "வலிக்கலீன்னா விட்ரு" என்ற அறிவுரை, விடக்கூடாதவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து விடச் சொல்கிறது.

3. அமுங்கியது என்பதால் பத்து வேலை செய்தது என்று ஆகாது.

பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தையின் கழுத்தில் தங்கச் சங்கிலி போடாத வீடு நம் பக்கம் குறைவு. அது நெறிகூட அல்ல, காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவது. வைரஸ் தொற்று, ஒரு வாரம், பத்து நாளில் தானே இறங்கும். சங்கிலியைப் போட்டாலும் இறங்கும், அடகுக் கடையில் வைத்திருந்தாலும் இறங்கும். ஆனால் இறங்கிய பெயர் சங்கிலிக்குப் போகிறது. வயதுக்கு வந்த ஆண்களில் சிலருக்கு விரை வீங்குவதும், அரிதாக ஒரு குழந்தைக்குக் காது கேளாமல் போவதும் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அரசு தொடங்கிய ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும். தங்கத்தை நம்பிய வீடுகள் இந்த ஊசியைப் பற்றி விசாரித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

இது நம் ஊர் மடமை மட்டும் என்று சிரிக்க வேண்டாம். இங்கிலாந்தில் கழுத்துக் காசநோய்க்கு, நம் பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்றதற்கு, அரசர் தொட்டால் போதும் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். இரண்டாம் சார்லஸ் தன் ஆட்சியில் தொட்டவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். தொட்டு முடித்ததும் நோயாளி கழுத்தில் ஒரு தங்கக் காசைக் கோத்துப் போடுவது சடங்கு. அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை இரண்டரை வயதுக் குழந்தையாக 1712-இல் ஆன் அரசியிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அரசி தொட்டார், காசு தொங்கியது, நோய் போகவில்லை. கத்தி வைக்க வேண்டியதாயிற்று. கழுத்துத் தழும்போடுதான் ஜான்சன் கடைசி வரை வாழ்ந்தார்.

ஆனால் அரசர் தொட்டுக் குணமானவர்களும் இருந்தார்கள், அதில் பொய்யில்லை. கழுத்துக் காசநோயின் குணமே அதுதான். ஏறும், இறங்கும், ஆறு மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு தலைதூக்கும். இறங்கும் சமயத்தில் யார் தொட்டார்களோ அவர்களுக்குப் பெயர். சுண்ணாம்புப் பத்துக்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் பெயர் இந்த வகையில் சேர்ந்ததுதான். கிளறிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: கட்டி கரைந்தால் பத்து கரைத்தது என்பார்கள், பழுத்து உடைந்தால் பத்து உடைத்தது, கெட்டது வெளியே வந்துவிட்டது என்பார்கள். கரைந்தாலும் வெற்றி, உடைந்தாலும் வெற்றி என்றால் அதற்குப் பெயர் வைத்தியம் அல்ல. காசநோய் நெறி தோலைக் கிழித்துக்கொண்டு உடைவது குணமாவதன் அடையாளம் இல்லை, நோய் முற்றியதன் அடையாளம். அங்கே புரை விழுந்து மாதக்கணக்கில் கசியும். சுண்ணாம்போடு நின்றாலும் பரவாயில்லை. எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் தடவித் தோலை வேகவைத்துக்கொண்டு வருபவர்களுக்கு, அந்தப் புண்ணுக்காகவே புதிதாக ஒரு நெறி கட்டும்.

4. மருந்துக்கடை மாத்திரை பத்தைவிட மோசம்.

பத்து தோலோடு போகும், மாத்திரை தடயத்தை அழிக்கும். லிவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியைக் கொல்லாமல் அரைகுறையாக அடக்கிவைக்கும். கட்டி கொஞ்சம் வற்றும், பரிசோதனையில் கிருமி சிக்காது, மருந்துக்குப் பழகிய கிருமி மிஞ்சும். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் கொடியது. லிம்போமாக் கட்டி அதற்கு மளமளவென்று சுருங்கும், ஆள் சந்தோஷப்படுவார், பிறகு சதை எடுத்துப் பார்த்தாலும் நோய் இன்னதென்று சொல்வது கடினமாகிவிடும். லிவோஃப்ளாக்சசினையும் காசநோய் மருந்துகளையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச் முதல் விதி இருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

டாக்டர்களையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். கழுத்தில் கட்டி என்றதும், சோதனை எதுவும் செய்யாமல், "டிபியாத்தான் இருக்கும்" என்று ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. அந்தக் கட்டிகளில் சில ஹாட்ஜ்கின் லிம்போமா. நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகக்கூடிய புற்று அது. டிபி மருந்தில் கழியும் மாதங்களை யார் திருப்பித் தருவது?

5. ஊசி குத்தினால் பரவும் என்பது, ஒரு பாதி உண்மையை முழுப் பொய்யாக வளர்த்தது.

பாதி உண்மை இதுதான். வாய், தொண்டைப் புற்றிலிருந்து இறங்கிய கழுத்துக் கட்டியை, மூலம் எங்கே என்று தேடாமல் அவசரப்பட்டுக் கத்தியால் திறந்தால், பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது இடைஞ்சல். காசநோய் நெறியை அரைகுறையாகக் கீறினால் புரை விழலாம். ஆக, கத்தியை முந்திக்கொண்டு எடுக்காதே என்பது நல்ல எச்சரிக்கை. அதற்காகத்தான் ஊசியே வந்தது. 1930-இலேயே நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டினும் எல்லிஸும் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் முறையை எழுதிவைத்தார்கள். இன்று பயன்படுவது அதைவிடவும் மெல்லிய ஊசி. பெரியவர்களின் கழுத்துக் கட்டிக்கு அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: தொற்றுக்கான அடையாளம் இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காதே, இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற கட்டியைத் தள்ளிப்போடாதே, கத்திக்கு முன் ஊசி.

அந்த அறையில் நடப்பது என்ன? தோளுக்கடியில் ஒரு தலையணை வைத்து மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் கட்டியைப் பிடித்து, தடுப்பூசிக்குப் போடும் ஊசியைப் போன்ற ஒன்றைச் செருகி, முன்னும் பின்னும் நாலைந்து தடவை அசைத்து எடுப்பார்கள். மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது. ஊசி முனையில் வந்ததைக் கண்ணாடிச் சில்லில் தட்டி, இன்னொரு சில்லால் இழுத்துப் பரப்புவார்கள். சில சமயம் சில்லில் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், தயிர்க்கட்டி போலத் திட்டுத்திட்டாக வெள்ளையாக வந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். மிச்சத்தைச் சிபிநாட் கருவியில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குப் படியுமா என்று சொல்லும். இல்லை என்று வந்தால் மட்டும் நோய் இல்லை என்று அர்த்தமாகாது; வளர்ப்புச் சோதனையும், தேவைப்பட்டால் முழு முடிச்சை எடுத்துப் பார்ப்பதும் இருக்கிறது. குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

இப்படிக் குத்தி நோய் பரவியது அபூர்வத்திலும் அபூர்வம். "எங்க மாமனுக்கு ஊசி வெச்சாங்க, மூணு மாசத்துல போயிட்டாரு" என்ற கதை எல்லோரிடமும் இருக்கும். மாமன் ஊசிக்குப் போனதே கட்டி வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் என்பது அந்தக் கதையில் வராது.

6. இருமல் இல்லாமல் டிபி ஏது என்கிறார்கள்.

இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. அந்தக் கால்வாசியில் முதலிடம் நிணநீர் முடிச்சுக்கு, அதிலும் கழுத்துக்கு. இருமல் இருக்காது, சளியில் ரத்தம் இருக்காது, பலருக்குக் காய்ச்சல்கூட இருக்காது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

7. "டிபின்னு வெளிய தெரிஞ்சா புள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது."

உண்மையான தடை இதுதான். மற்ற ஆறும் வாய்ப்பேச்சு. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தாலிக்கயிறு ஏறும் வரை கட்டியை மறைத்துவிடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். இந்தக் கணக்கில் எல்லாமே தப்பு. நுரையீரலில் நோய் இல்லாதவரை கழுத்து நெறியிலிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டைத் தனியாக வைக்கவும் வேண்டாம், பாயைத் தனியாகப் போடவும் வேண்டாம். மருந்து ஆறு மாதம். அரசிடம் காசில்லாமல் கிடைக்கும். 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய சத்துணவுப் பணம் 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். நேரத்தோடு தொடங்கினால் கழுத்தில் பெரும்பாலும் அடையாளமே இராது. மறைத்துவைத்தால்தான் உடையும், புரை விழும், சுருங்கிய தழும்பு விழும். கல்யாணத்துக்காக மறைத்த கட்டி, கல்யாணப் பந்தலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தழும்பாக நிற்கும். பெண்ணின் நலத்தை விட்டுத்தள்ளி, வெறும் சம்பந்தக் கணக்கு மட்டுமே போட்டாலும் இது நட்டம்.

டிபி என்றதும் பழைய தலைமுறைக்குப் பெருந்துறை சானடோரியம் கண்முன் வருகிறது. இன்று அங்கே மருத்துவக் கல்லூரி. பழைய நோய்க்கூடம் முகவரியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சானடோரியத்தில் படுத்தாலும் வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் பலன் ஒன்றுதான் என்று உலகத்துக்கு நிரூபித்ததே 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான். குழந்தைகளின் கழுத்துக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும் என்று 1990-இல் எழுதியதும் அதே மையம். லண்டன் அதைப் படித்துக்கொண்டது. நாம் இன்னும் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மருந்து தொடங்கிய பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. முதல் சில மாதங்களில் ஐந்தில் ஒருவருக்காவது கட்டி மேலும் பெரிதாகும், பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பும். செத்த கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது, மருந்து தோற்றுவிட்டது என்பதல்ல. சிறுநீர் வேறு ஆரஞ்சு நிறத்தில் போகும். "அப்பவே சொன்னேன் கேட்டியா, சூடு மருந்து, விட்ரு" என்று சொல்ல அப்போது வீட்டுக்கு ஆள் வரும். பாதியில் நிறுத்துபவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஆறு மாதம் முடிந்தபின் பட்டாணி அளவில் ஏதாவது தங்கினால் அதற்காகவும் பயப்படத் தேவையில்லை. டாக்டரிடம் காட்டி, வளர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

8. செலவு.

பரிசோதனைக்குக் காசில்லை என்ற வாதம் அரசு மருத்துவமனைக் கதவு வரைக்கும்தான் செல்லும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ.யில், பெருந்துறையில் ஊசிப் பரிசோதனைக்கு வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கும் பெண் இதைச் செலவு என்று சொல்லும்போது அவள் பேசுவது பரிசோதனைக் கட்டணத்தை அல்ல. சீட்டு வாங்கக் காலையில் ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள், மாத்திரை அட்டை போட இன்னொரு நாள். ஒவ்வொன்றும் ஒரு ஷிப்ட். மாத்திரைக் கடையோ வேலை விட்டு வரும் வழியில், ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கிறது. சனிக்கிழமை பட்டுவாடா வாங்கிக்கொண்டு அவள் அங்கே போவதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற ஏழுக்கும் மறுப்பு வைத்திருக்கிறேன். இதற்கு வைத்திருப்பது ஒரு கோரிக்கைதான்: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியும் சிபிநாட்டும் ஒரே இடத்தில், ஒரே சீட்டில் நடக்க வேண்டும், ரிசல்ட் போனுக்கு வர வேண்டும். கருவி ஏற்கெனவே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கிறது.